கந்தகத்துக்கு ரசீது

பின்னால் இருபத்து நான்கு டன் ஜிப்சம்.
ஈரம் இன்னும் காயவில்லை.
மேடேறும்போது லாரி பெருமூச்சு விடுகிறது, நானும்.
பக்கக் கண்ணாடியில் ஆலையின் புகைபோக்கி;
எவ்வளவு தூரம் ஓட்டினாலும் சின்னதாவதில்லை.
வடபோஹீமியாவில் அதற்கு அப்படியொரு பழக்கம்.

வயலோரம் நிற்கிறாள் ப்லாஷெனா,
ரப்பர் பூட்ஸ், கையில் மூக்குக்கண்ணாடி.
வணக்கமெல்லாம் கிடையாது.
"ஆய்வுச் சீட்டு."
பாதரசம் எவ்வளவு, காட்மியம் எவ்வளவு,
வரிவரியாய் விரல் வைத்துப் படிக்கிறாள்
கடன் பத்திரம் படிப்பவளைப் போல.
எஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கிறேன்.
சந்தேகப்பட அவளுக்கு உரிமை உண்டு.
இந்த வானத்துக்குக் கீழே பிறந்தவள்.

எனக்கும் நினைவிருக்கிறது அந்த வானம்.
ஜனவரியில் வானொலி சொல்லும்:
ஜன்னலைத் திறக்காதீர்கள், பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்.
துவைத்துக் கொடியில் போட்ட படுக்கைவிரிப்பு
துவைக்கும் முன்பு இருந்ததைவிட அழுக்காய்த் திரும்பும்.
நாக்கில் தீக்குச்சி உரசியதுபோல் மூடுபனி.
மேலே தாதுமலையில்
ஊசியிலை மரங்கள் நின்றபடியே செத்தன,
தின்று முடித்த மீனின் முள்ளாக,
எல்லைவரை.

அதே ஆண்டுகளில்
கீழே கனோலா வயல்களின் மஞ்சள் கண்ணைக் குத்தும்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.
மலையைக் கொன்ற கந்தகம்
போகிற வழியில் வயலுக்கும் ஒரு வாய் ஊட்டியிருக்கிறது.
பிள்ளையையும் கிள்ளித் தொட்டிலையும் ஆட்டும் கை
எங்களுக்குப் புகையாக வாய்த்தது.

பிறகு ஆட்சி மாறியது, சட்டம் வந்தது.
சுண்ணாம்புக் கல்லை அரைத்துக் கரைத்து
புகையின்மேல் மழையாய்ப் பொழிந்தார்கள்.
புகை குளித்துவிட்டு வெளியே வந்தது.
குளித்த தண்ணீர் இறுகி
வெள்ளைச் சேறாயிற்று.
சுவர்ப்பலகை செய்பவர்கள் அள்ளியது போக
மீதி, ஆலைக்குப் பின்னால் மேடாய்க் கிடந்தது.

வானம் நீலமானது. ஜன்னலைத் திறந்தோம்.
சில ஆண்டுகள் கழித்து ஒரு மே மாதம்
ப்லாஷெனாவின் கனோலா
வெளிறி, ஏறக்குறைய வெள்ளையாகப் பூத்தது.
விதை விற்றவனைத் திட்டினாள்.
உறைபனியைத் திட்டினாள்.
மண்ணைச் சோதித்த பெண் சொன்னாள்:
பசி. கந்தகப் பசி.
வயல் நடுவே நின்று ப்லாஷெனா சிரித்தாளாம்,
வெகுநேரம்,
பக்கத்து வயல் டிராக்டர் நின்று பார்க்கும்படி.

அவள் தம்பி ஓத்மார்
உதடு நீலமாகி
மூன்று குளிர்காலம் மருத்துவமனையில் கிடந்தவன்.
இப்போது அதே ஆலையில்
சுண்ணாம்புக் குழம்பு பம்புகளுக்கு அவன்தான் பொறுப்பு.
சட்டைப் பையில் பேனா, பக்கத்தில் இன்ஹேலர்.
அளவுகாட்டி முள் மயிரிழை சாய்ந்தாலும்
நள்ளிரவில் மேலாளரை எழுப்பிவிடுவான்.
ஆய்வுச் சீட்டில் கடைசிக் கையெழுத்து அவனுடையது.
அதன்மேலும் விரல் வைத்துத்தான் படிக்கிறாள்.

"சரி. கொட்டு."

தொட்டி நிமிர்கிறது.
வெள்ளை சரிகிறது, அரிசி மாவு சரிவதுபோல்
ஒரு தயக்கம், பிறகு மொத்தமாய்.
காற்று எங்கள் பக்கம் திரும்புகிறது.
இருவரும் ஒரே கணத்தில் மூச்சைப் பிடிக்கிறோம்.
ஈர ஜிப்சம் பறக்காது, தெரியும்.
வாசனைகூடக் கிடையாது.
இருந்தும் முகத்தைத் திருப்பி நிற்கிறோம்,
கொஞ்ச நேரம், ஒருவரை ஒருவர் பார்க்காமல்.

"ஆலையை மூடப் போகிறார்களாம்," என்கிறேன்.
"மூடட்டும். ஓத்மார் பாட்டில் வாங்கி வைத்திருக்கிறான்."
"உங்கள் வயலுக்கு?"
சீட்டைத் திருப்பிக் காட்டுகிறாள்.
பின்பக்கம் பென்சில் கணக்கு:
பழைய மேட்டின் அகலம், நீளம், உயரம்,
வகுத்தல், அடியில் ஒரு கோடு.
"பதினாறு வருஷம் வரும். அதற்குமேல் எனக்குக் கவலையில்லை."

ரசீதை நீட்டுகிறேன்.
பொருள், எடை, விலை.
'முன்பணம்' என்ற கட்டத்தில் ஏதோ எழுதுகிறாள்,
உடனே அடிக்கிறாள், கையெழுத்திட்டுத் தருகிறாள்.

வளைவில் லாரியை ஓரங்கட்டி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
பணத்தொகை இல்லை,
ஒரு வருஷம்.
ஓத்மாருக்கு அப்போது ஏழு வயது இருந்திருக்கும்.